தியாகக் கிளி

சுதந்திரப் பொன்விழா நாணயத்துக்காக ஓவியர் வரைந்துகொடுத்த இரண்டு படங்களையும், ‘இதில் தத்துவம் இல்லை’ என்று விழாக்குழுத் தலைவர் திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றாவதும் தேறாவிட்டால் வேலைக்கு வேட்டு.

இன்று தலைவர் கோப்பைப் பிரித்ததும், உள்ளே இருந்த படத்தைப் பார்த்து ஓவியருக்குக் குப்பென்று வியர்த்தது.

“ஐயா, அது வந்து...”

“நீ பேசாதேய்யா! திறந்த கூண்டு, வெளியே ஒரு கிளி. இதைத்தானே நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!”

“சார், கிளியோட வலது கால்ல ஒரு விரல் குறையுதே?” என்றார் செயலாளர்.

“அதுதான்யா தியாகம்! விடுதலை என்ன சும்மாவா கிடைச்சுது?”

“வாலும் ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு...”

“நம்ம வெளியுறவுக் கொள்கை! நெளிவுசுளிவா இருக்க வேண்டாமா?”

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் கையெழுத்துப் போட்டார். ஓவியர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வராந்தாவுக்கு வந்ததும் மனைவியிடமிருந்து போன்.

“ஏங்க, நாணயப் படம் மேஜை மேலேயே கிடக்கு! எதைத் தூக்கிட்டுப் போனீங்க?”

“பக்கத்துல இருந்ததை.”

“ஐயோ, அது காணாமப்போன நம்ம கிளிக்கு நோட்டீஸ் அடிக்க வரைஞ்சதாச்சே! கிளி கிடைக்காம வீட்டுப் படி ஏறாதீங்கன்னு சொன்னேன்ல? விரல், வால், அடையாளமெல்லாம் சரியாப் போட்டிருக்கீங்களா?”

“எல்லாம் இருக்கு. அச்சடிக்கவும் சொல்லியாச்சு.”

“எத்தனை?”

“அம்பது லட்சம்.”