இரண்டாவது சாட்சி

"நீ ஆசாரிய வம்சம் இல்லையே, ஃபைவிஷ்?"

"எங்க வம்சத்துல தோல் பதனிட்டதைத் தவிர யாரும் எதுவும் செஞ்சதில்ல, ரபீ."

"கேக்கறது என் கடமைப்பா. பழைய ஆலயத்துக் குருமார் வழியில வந்த ஆசாரிய வம்சத்துக்காரன் விதவையைக் கட்டிக்கலாம். புருஷன்கிட்ட விலக்கு வாங்கினவளைக் கட்டக் கூடாது, அவ அவனோட பழைய பெண்டாட்டியாவே இருந்தாலும். நாளைக்கு நீ உயிரோட திரும்பி வந்தா ரெய்ஸலை மறுபடி சேர்த்துக்கணுமே. அதுக்குத்தான் கேட்டேன்."

"எனக்கு அந்தக் கவலை இல்ல, ரபீ."

யூதத் தெருவின் மதகுருவான ரபீ கெட்ஸல் எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தர் இறகுப் பேனாவைச் சீவ ஆரம்பித்தார்.

ஜப்பான்காரனோடு ஜார் மன்னருக்குச் சண்டை. யூதத் தெருவிலிருந்து ஆறு பேரைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், வியாழக்கிழமை ரயில். அவ்வளவு தூரம் போகிறவன் செத்தால், செத்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அவன் மனைவி சட்டப்படி விதவை ஆக மாட்டாள். ஆயுசு முழுக்க மறுமணமும் கிடையாது. அதனால்தான் போகிறவர்கள் முன்னாலேயே தள்ளுதல் சீட்டு எழுதி மனைவிக்கு விலக்கு கொடுத்துவிட்டுப் போவது.

மற்ற ஐந்து பேரையும் ரபீ வீடு தேடிப் போய்த்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. தானாக வந்து கேட்டவன் ஃபைவிஷ் ஒருவன்தான். சாட்சிகளையும் அவனே கூட்டி வந்திருந்தான்: ரொட்டிக்கடை லெமெல், தன் எதிர்வீட்டில் குடியிருக்கும் கண்ணாடி வேலைக்காரன் நாப்தாலி. ரபீக்கு அவன் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

"நாப்தாலியை மூணு தடவை கூப்பிட வேண்டியிருந்துச்சு, ரபீ. ரொம்பக் கூச்சப்படறான்," என்றான் ஃபைவிஷ்.

ரெய்ஸல் கணப்புக்குப் பக்கத்தில் சால்வையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"மனசார வாங்கிக்கிறியாம்மா?" என்று முறைப்படி கேட்டார் ரபீ.

"வேண்டாம், ரபீ."

எழுத்தர் பேனா சீவுவதை நிறுத்தினார்.

"வேண்டாம்னா?"

"அவர் வந்தா வரட்டும். வரலைன்னா நான் விதவையாவே இருந்துக்கறேன். விலக்கு வாங்கினவங்கிற பேரு எனக்கு வேண்டாம்."

ரபீக்குக் கண் கலங்கிவிட்டது. "விதவைன்னு நான் சொல்றதுக்கே சாட்சி வேணுமேம்மா."

"கூடப் போறவங்க யாராவது பார்த்துட்டு வந்து சொல்லுவாங்க. காத்திருக்கேன்."

"தெருக்கோடி டோப்ரேயும் அப்படித்தான் சொன்னா. அவ புருஷன் துருக்கிச் சண்டைக்குப் போய் இருபத்தேழு வருஷம் ஆச்சு. இன்னும் தபால்காரனைப் பார்த்தா எழுந்து நிக்கறா."

"நானும் நிக்கறேன், ரபீ."

ரபீ திரும்பினார். "இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க நீ என்ன புண்ணியம் பண்ணினேப்பா?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன்," என்றான் ஃபைவிஷ்.

"அவங்களுக்கு இஷ்டமில்லைன்னா கட்டாயப்படுத்தக் கூடாதுதானே, ரபீ?" நாப்தாலி அன்று முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"சாட்சி பார்க்கணும். பேசக் கூடாது," என்று ரபீ அவனை அடக்கினார்.

"எனக்காகவா கேக்கறேன், ரபீ?" என்றான் ஃபைவிஷ். "நான் இல்லாமப் போயிட்டா அவ மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு நல்லா இருக்கட்டும்."

திரைக்குப் பின்னால் ரபீயின் மனைவி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

இனி விட்டுவிடக் கூடாது என்று ரபீ தீர்மானித்தார். இந்தப் பெண்ணை இன்னொரு டோப்ரேயாக ஆக்கிவிட்டுத் தன்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

"சரிம்மா. மறுக்கிறதுக்கு வேற காரணம் ஏதாவது இருந்தா சொல்லு. எல்லாரும் இருக்கோம், கேக்கறோம்."

ரெய்ஸல் தரையைப் பார்த்தாள். ஃபைவிஷ் ரெய்ஸலைப் பார்த்தான்.

"காரணம் எதுவும் இல்ல, ரபீ," என்றாள் கடைசியில். "எழுதச் சொல்லுங்க."

பன்னிரண்டு வரிகள். லெமெல் கையெழுத்துப் போட்டான். அடுத்து நாப்தாலி. அவன் மைக்கூட்டைத் தட்டிவிட, சீட்டில் மை கொட்டிவிட்டது. தள்ளுதல் சீட்டில் பிழையோ கறையோ ஆகாது. எழுத்தர் முணுமுணுத்துக்கொண்டே பன்னிரண்டு வரிகளையும் புதிதாக எழுதினார். இந்தத் தடவை மைக்கூட்டை ஃபைவிஷே பிடித்துக்கொண்டான். கறை எதுவும் விழவில்லை.

ரெய்ஸல் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். ஃபைவிஷ் சீட்டை அதில் போட்டு, சொல்ல வேண்டியதைத் தடுமாறாமல் சொன்னான். காரியம் முடிந்தது. பதினேழு வருஷ ரபீ உத்தியோகத்தில் இவ்வளவு நல்ல காரியம் தான் செய்ததில்லை என்று கெட்ஸலுக்குத் தோன்றியது.

வழக்கப்படி சீட்டைத் திரும்ப வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு முறை வாசித்தார். பிடித்த இடம் வந்ததும் குரலை உயர்த்தினார்.

"'இனி நீ விரும்புகிற எந்த ஆணையும் மணந்துகொள்ள உனக்குத் தடையில்லை.' கேட்டியாம்மா? எந்த ஆணையும்!"

ரெய்ஸல் கேட்டதாகத் தெரியவில்லை. கண்ணீர் வழிய நின்றிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஃபைவிஷை அல்ல, நாப்தாலியை. நாப்தாலி சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தான்; அவன் தோள்கள் குலுங்கின.

ரபீ சட்டென்று குனிந்து கையெழுத்துகளுக்கு வந்தார். "சாட்சி, ஹனோக்கின் மகன் லெமெல். சாட்சி, எலியேசரின் மகன் நாப்தாலி..."

பேருக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்ததும் அவர் சீட்டை மடிக்கப் போனார்.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, ரபீ," என்றான் ஃபைவிஷ், மேல்கோட்டுப் பொத்தானைப் போட்டபடி. "முழுசா வாசிங்க."

ரபீ வாசித்தார்: "ஆசாரிய வம்சம்."