நாளும் மாதமும்

"திரும்பவும் பிழையா அடிச்சு வச்சிருக்கிறீங்கள், அக்கா!"

வதனியின் குரலில் இந்த முறை மரியாதை கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது.

ஸித்தி ஸுபைதா கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியில் துடைத்துக்கொண்டாள். "எது தங்கச்சி பிழை?"

"இந்தப் பிள்ளை பிறந்தது ஜனவரி நாலு. நீங்கள் அடிச்சதைக் கொம்பியூட்டர் ஏப்ரல் ஒண்டு எண்டு எடுத்திருக்கு. எத்தனை தரம் சொன்னனான்? மாசம் முன்னுக்கு, நாள் பின்னுக்கு!"

"வயசு போகுதே. கை பழக்கத்துக்கு அடிச்சிருது."

ஒவ்வொரு முறையும் இதே பதில். திட்டினாலும் கோபப்படுவதில்லை. அதுவே வதனிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் சிறிய அலுவலகம் அது. 2003, பெப்ரவரி. ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாராவாரம் சத்துமா கொடுக்கும் திட்டம். ஐந்து வயது முடியும்வரைதான் மா. அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுப்பதுதான் வதனிக்குக் கிடைத்த முதல் வேலை. ஸுபைதா ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த திகதியையும் அதில் அடித்தால் போதும். வயதை அதுவே கணக்கிட்டு, ஐந்தைத் தாண்டிய பிள்ளையின் பெயரை நீக்கிவிடும்.

வதனி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியரின் மகள். கணினி வகுப்பில் முதலாவதாக வந்தவள். வகுப்பில் ஒழுங்காக ஓடியதெல்லாம் இங்கே ஸுபைதாவின் விரல் பட்டதும் கோணலாகிப்போனது.

ஒருநாள் பொறுப்பாளர் சிவராசா கூப்பிட்டுக் கேட்டார். "என்ன பிள்ளை, உம்மடை புரோகிராம் வயசைப் பிழையாக் காட்டுதாம்?"

வதனிக்கு அழுகை முட்டியது. முதல் வேலையிலேயே பெயர் கெட்டால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்?

"புரோகிராமில ஒரு பிழையும் இல்லை, சேர். அடிக்கிற ஆளிலதான் பிழை."

அடுத்த வாரம் ஸுபைதா வரவில்லை. வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம்.

வதனிக்கு மனது ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனாலும் வேலை மளமளவென்று நடந்தது. திரையில் திகதிக்கு இருந்த ஒரே பெட்டியை மூன்றாகப் பிரித்தாள். மாதத்தை எண்ணில் அடிக்கத் தேவையில்லை; பெயரைப் பார்த்துத் தெரிவு செய்தால் போதும். இனி நாளும் மாதமும் இடம் மாறவே மாறாது. பழைய திகதிகளையும் கிளினிக் அட்டைகளைப் பார்த்துத் திருத்தி முடித்தாள்.

"சோக்கான வேலை!" என்றார் சிவராசா. மா கொடுக்கும் நாளில் அவளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்.

தோட்டத்தில் விடாத மழை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் முன்னால் வரிசை நின்றது. புதிய பட்டியலை வதனியே வாசித்தாள்.

பெரியாயி என்ற பெண் மகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எம்புள்ள பேரு வரலீங்களே, மிஸ்? போன வாரம் குடுத்தாங்களே?"

"பிள்ளைக்கு அஞ்சு வயசு முடிஞ்சுது, அம்மா. முதல் இருந்த திகதி பிழை. இப்ப திருத்தியாச்சு."

"அஞ்சு முடிஞ்சிருச்சுங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவளப் பாத்தா அஞ்சு வயசுப் புள்ள மாதிரியாங்க இருக்கு?"

வதனி குனிந்து பார்த்தாள். மூன்று வயது என்று சொன்னால்கூட நம்ப முடியாத உடம்பு. வெறும் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்தச் சிறுமி தாயின் பின்னால் மழையில் இறங்கிப் போனாள். அவளைப்போல இன்னும் பலர் போனார்கள்.

மிஞ்சிய மா மூட்டைகள் திரும்பவும் லொறியில் ஏறின.

"பார்த்தீரோ பிள்ளை, இவ்வளவு நாளும் எவ்வளவு மா வீணாப் போயிருக்கு!" என்று சிவராசா சிரித்தார்.

வதனியால் சிரிக்க முடியவில்லை. லொறி இறங்கும் வழியெல்லாம், தான் திருத்திய திகதிகளையே நினைத்துக்கொண்டு வந்தாள். திருத்திய எல்லாப் பிள்ளைகளுக்கும் வயது கூடியதே தவிர, ஒரு பிள்ளைக்குக்கூடக் குறையவில்லை. கை தவறுகிறவளுக்கு எப்படி எப்போதும் ஒரே பக்கமாகவே தவறும்?

பதுளையில் இறங்கியதும் நேரே ஸுபைதாவின் வீட்டுக்குப் போனாள்.

"உள்ளுக்கு வாங்க தங்கச்சி, நனைஞ்சிட்டீங்களே."

வதனி வாசலிலேயே நின்றாள். "அக்கா, நீங்கள் தெரிஞ்சுகொண்டுதானே மாத்தி அடிச்சனீங்கள்? வயசு குறையுற பிள்ளையளுக்கு மட்டும்?"

ஸுபைதா தலை துவட்டத் துணி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்களும் பொய்க்குத் துணை போகணும். ஒங்களுக்கு இது முதல் வேலை."

"உங்களைப் போய் நான்... நீங்கள் எவ்வளவு நல்ல மனுசி, அக்கா."

"அப்பிடிச் சொல்லாதீங்க!" ஸுபைதா முதல்முறையாகக் கண் கலங்கினாள். "பன்னெண்டாந் திகதி வரைக்கும் பொறந்த புள்ளைகளுக்குத்தான் மாத்தி அடிக்கலாம். அதுக்கு மேல மாத்துறதுக்குப் பதிமூணாவது மாசம் எங்க இருக்கு? இருவதாந் திகதி, இருவத்தஞ்சாந் திகதி பொறந்த புள்ளைகள்ட பேரெல்லாம் என்ட கையாலதானே போச்சு... அவங்கட திகதியை நான் ஒரு பிழையும் இல்லாம அடிச்சேன், தங்கச்சி."