வலிக்காத முட்டி

தோல் பதனிடும் ஷாப்பின் தொழுகை அறையில் பிற்பகல் அஸர் நேரத்து வெயில் பாய்மேல் சாய்ந்து கிடக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியின் வாடை சன்னல் வழியே வருகிறது. பதினெட்டு வருஷமாக இங்கே முன்னின்று தொழவைத்த கமாலுதீன் மேஸ்திரி இன்று வாசலோரம் கடைசி வரிசையில் நிற்கிறார். மதராஸ் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்து அவர் அடிவயிற்றுக் கட்டியைக் கரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. தொழுகை வேளைக்கு வேளை துணி மாற்றி, முகம் கைகால் கழுவிப் புதிதாக ஒளு செய்கிறார். அந்த ஒளு அவர் தொழுகைக்கு மட்டுமே செல்லும்; பிறருக்குத் தொழவைக்க ஆகாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. “இன்னா மேஸ்திரி, ஒடம்புதான் தேறிடுச்சே, முன்னால வாங்க,” என்கிறான் தோல் சுரண்டும் சத்தார். “முட்டி வலிக்குதுப்பா. நீயே நில்லு.” சத்தார் முன்னே போகிறான். வரிசைகள் குனிகின்றன, நெற்றிகள் பாயைத் தொடுகின்றன. மேஸ்திரிக்குப் பின்னால் வாசலில் யாருமில்லை. ஆனாலும் எழும்போது வலிக்காத முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுகிறார்.