நான்கு எண்ணிக்கை

திருச்சி சபா மேடையில் மிருதங்கக்காரர் உட்காரும் இடத்தில் ஒரு கணினிப் பெட்டி இருந்தது. இறந்துபோன கோதண்டராமனின் கடைசி வருடக் கச்சேரிகளைக் கேட்டுப் பழகிய அது, அவரைப் போலவே வாசித்தது. அவர் மனைவி பூமா முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

தனி ஆவர்த்தனத்தின் நடுவே வாசிப்பு சட்டென்று நின்றது. நான்கு எண்ணிக்கை மௌனம். பிறகு தொடர்ந்தது. அரங்கம் கைதட்டியது.

"என்ன கார்வை மாமி! இந்த நிறுத்தத்துக்காகவே ஜனங்க வரா," என்றார் பக்கத்தில் இருந்த செயலாளர் ரகோத்தமன். "அடுத்த மாசம் இந்த நாலை எட்டாக்கிடறோம்."

"அது கார்வை இல்லை. நெஞ்சு வலிச்சா அவர் அப்படித்தான் கையை எடுப்பார்," என்றாள் பூமா. "கடைசிக் கச்சேரியில எட்டு எண்ணினேன். அப்புறம் அவர் வாசிக்கலை."



"அப்போ எட்டும் பெட்டிக்குப் பழக்கம்தான்," என்றார் ரகோத்தமன்.

பூமா தாளத்தை விடவில்லை.