கோழிக்காலில் முடி

மதிய வெயில் முற்றத்து நீல பேசினில் விழுந்து தளும்புகிறது. உப்புப் போட்ட வெந்நீரில் கோழியின் கால் வீங்கிச் சிவந்திருக்கிறது. நடுவிரல் மட்டும் கத்தரிக்காய் நிறம். ஃபுமியே கோழியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருக்கிறாள். அவள் கணவன் தகெசோ, விரலடியை இறுக்கியிருக்கும் எதையோ இடுக்கியால் நெருடுகிறான். "தூண்டில் நரம்பா?" என்கிறான். "பாத்து. அறுத்துடாதீங்க, உள்ளயே தங்கிடும்." சீழ் உடைந்து தண்ணீரில் மஞ்சளாகக் கரைகிறது. கோழி ஒருமுறை உதறிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. இடுக்கியின் நுனியில் வருவது முடி. ஒன்றோடு ஒன்று பின்னி, இழுக்க இழுக்க முழ நீளத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. "உன் முடியாடி? கோழியைத் தூக்குல போட்டிருக்கியே!" என்று அவன் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. "உங்க கண்ணுல பட வேண்டாம்னுதான் இங்க வந்து சீவினேன். மருந்து ஏத்தினா கொட்டும்னு டாக்டர் முன்னாடியே சொன்னார்." இடுக்கி பேசினுக்குள் நழுவுகிறது. பக்கத்து வீட்டு ரேடியோவில் யாரோ நாளைய மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "என்ன மருந்து?" என்று அவன் நிமிர்கிறான். "ஒசாகாவுக்குத் தங்கச்சியப் பாக்கப் போறேன்னு சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். மார்புல கட்டி." கோழியின் காலைத் துடைத்து அவன் பக்கம் நீட்டுகிறாள். "முதல்ல இதுக்குக் களிம்பைப் போடுங்க." அவன் களிம்பை எடுக்கவில்லை. அவனுடைய ஈரக்கை அவள் தலையை நோக்கிப் போகிறது. தொட்டால் இன்னும் உதிருமோ என்று அஞ்சி, கூந்தலுக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நிற்கிறது.