கீறல் விழுந்த இடம்

“அம்மா! உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கத்தினாள் மகள். பின்னே? அவள் நாயாய் அலைந்து வாங்கி வந்த ப்ளூஸ் இசைத்தட்டை மடியில் கிடத்தி, சேஃப்டி பின்னைக் கொண்டு அதன்மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள் அம்மா.

பக்கத்தில் இன்னும் மூன்று தட்டுகள். ராக் ஒன்று, பாப் இரண்டு. எல்லாவற்றிலும் பளிச்சென்று கீறல்.

“கத்தாதேடி. கை நடுங்குதில்ல?” என்றாள் அம்மா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.



அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். குடி, சீட்டு என்று எந்தப் பழக்கமும் கிடையாது. சம்பளம் வந்தால் ராக், பாப், ப்ளூஸ், ஜாஸ் என்று ஏதாவது ஒரு ஆல்பத்தோடு வந்து நிற்பார், அவ்வளவுதான். அம்மா அவற்றுக்கு வைத்திருந்த பெயர் சக்களத்திகள். “சக்களத்திங்களைக் கொஞ்சி முடிச்சாச்சுன்னா சாப்பிட வரலாம்” என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

அப்பா இதய ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் அந்த வினை நடந்தது. அவர் வருவதற்குள் வீட்டைப் பளபளப்பாக்கிவிடலாம் என்று கிளம்பிய அம்மா, தட்டுகளை உறையிலிருந்து எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் பரப்பிவிட்டாள். துவைத்த துணியைக் காயப்போடுகிற மாதிரி! சாயங்காலம் போய்ப் பார்த்தால் அத்தனையும் நெளிந்து வளைந்து கிண்ணம் கிண்ணமாகக் கிடந்தன.

அதிர்ச்சியான சேதி எதுவும் அப்பா காதில் விழக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகள் பழைய இசைத்தட்டு விற்கிற கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி, அதே ஆல்பங்களைத் தேடிப் பிடித்தாள். பழைய உறைக்குள் புதுத் தட்டு. யாருக்கும் தெரியாது. நாளைக்கு அப்பா வீட்டுக்கு வருகிறார்.

இந்த நேரத்தில் இதையும் கெடுத்தால்?

“தெரியாம பண்ணிட்டேன்னு அன்னிக்கு அழுதியே, அதெல்லாம் நடிப்பா? இத்தனை வருஷக் கடுப்பை அந்த மனுஷன் படுத்துக் கிடக்கும்போதா தீர்த்துக்குவே? நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?”

வார்த்தை தடித்துவிட்டது. அம்மா பின்னைக் கீழே வைத்தாள்.

“உங்கப்பா தட்டுல எதுடி சுத்தமாப் பாடிச்சு? இந்த ப்ளூஸ்காரன் ரெண்டாவது பாட்டை ஆரம்பிக்கும்போதே டொக்குனு ஒரு சத்தம் வரும். அந்த ராக்குல டிரம் அடிக்கிறவன் ஒரு அடியை முழுங்கிடுவான். நீ வாங்கிட்டு வந்தது எல்லாம் கண்ணாடி மாதிரிப் பாடுது. போட்ட உடனே கண்டுபிடிச்சிட மாட்டாரா? இருந்த தட்டை எல்லாம் நான் பாழாக்கிட்டேன்னு தெரிஞ்சா அந்த நெஞ்சு தாங்குமா?”

மகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்? பாட்டுச் சத்தம் கேட்டாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பியே?”

“மூஞ்சியைத்தானே தூக்கி வச்சேன்? காதைக் கழட்டியா வச்சேன்?” அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அடுப்படிக்கு எல்லாம் கேக்கும். இந்த ஜாஸ்தான் பெரிய தொல்லை. கடைசிப் பாட்டுல குழல் மேல ஏறுற இடத்துல மாட்டிக்கும். அதையே திரும்பத் திரும்பப் பாடும். போட்டுக் காட்டுறேன், அந்த இடம் வந்ததும் டக்குனு நிறுத்து.”

திட்டின வாயை மூடிக்கொண்டு மகளும் கூடச் சேர்ந்தாள். போட்டுப் போட்டுப் பார்த்து, கீறிக் கீறிப் பார்த்து, ஒரு வழியாகக் குழல் மாட்டிக்கொண்டது.

மறுநாள் அப்பா வந்தார். வந்ததும் கேட்டது ஜாஸ்.

மகள் தட்டைப் பிளேயரில் போட்டு முள்ளை வைத்தாள். அப்பா எதிரே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

கடைசிப் பாட்டு. குழல் மேலே ஏறியது. மாட்டிக்கொண்டது. மறுபடி அதே இடம். மறுபடி.

அப்பா சட்டென்று கண்ணைத் திறந்தார். சுற்றுகிற தட்டையே வெறித்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மகள் அவரிடம் ஓடினாள். “அப்பா! நெஞ்சு வலிக்குதாப்பா?”

“இல்ல. என் தட்டெல்லாம் எங்கம்மா?”

இனி என்னத்தை மறைப்பது? மகள் கிசுகிசுத்த குரலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அப்பா மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, “போனாப் போகுது, தட்டுதானே” என்றார். அந்தக் குரல் உண்மையாகத்தான் இருந்தது.

மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஆனா எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க? அம்மா சரியா அதே இடத்துலதானே கீறினா?”

“இடம் சரிதான். இம்மி பிசகல.”

அடுப்படியிலிருந்து, குழலோடு சேர்ந்து அம்மா முணுமுணுப்பது கேட்டது. அப்பா குரலைத் தாழ்த்தினார்.

“அவகிட்ட சொல்லிடாதே. என் பழைய ஜாஸ் தட்டுல கீறலே கிடையாதும்மா. அந்த இடம் வந்தாத்தான் உங்கம்மா கூடவே பாடுவா. அதைக் கேக்குறதுக்காக நான்தான் முள்ளைத் தூக்கித் தூக்கி வைப்பேன்.”