பெயர் அட்டை

பினாங்குப் பாலத்தில் வண்டிகள் ஊர்கின்றன. பின்னால் சாயும் வெயில் கண்ணாடியில் பட்டுக் கூச, தியோ கிம் ஹுவாட் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுகிறார். பக்கத்து இருக்கையில் ரோடெல், பிலிப்பைன்ஸிலிருந்து சற்றுமுன் வந்து இறங்கியவன். மயிரிழை பிசகாமல் இரும்பு கடைவான் என்று விசா, டிக்கெட் எல்லாம் தியோவே போட்டு வரவழைத்திருக்கிறார். அவருடைய பட்டறையில் கடைசல் இயந்திரம் ஆளில்லாமல் உறை மூடிக் கிடக்கிறது. விமான நிலையத்தில் அவர் தூக்கிப் பிடித்த பெயர் அட்டை இப்போது ரோடெலின் மடியில். சும்மா இருக்காமல் அதைத் திருப்புகிறான். பின்பக்கம் மூன்று பெயர்கள், மூன்றும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. "இவங்கல்லாம் யாரு, பாஸ்?" "உனக்கு முன்னாடி வந்தவங்க." "இப்ப எங்க?" "சிங்கப்பூர்ல." தியோவின் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. ரோடெல் கடலைப் பார்க்கிறான். அவன் விரல் அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது. "அங்க போறதுக்கு இங்கேருந்து பஸ் இருக்கா, பாஸ்?" முன்னால் ஒரு லாரி புஸ்ஸென்று காற்றை விட்டு நிற்கிறது. "இருக்கு. பட்டர்வொர்த்துல ஏறணும்." மனைவி கட்டிக்கொடுத்து ஆறிப்போன பீஹூன் அரிசிச் சேமியாப் பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறார். "முதல்ல சாப்பிடு." ரோடெல் பிரிக்கிறான். அவன் மடியிலிருந்த அட்டையைத் தியோ ஒற்றைக் கையால் எடுத்து, மடங்கிவிடாமல் பார்த்துப் பின்சீட்டில் வைக்கிறார்.